வில்லன் யார் என்று சொல்லிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பகடை, காகிதம், பென்சில் என்று நன்றாகத்தான் தொடங்கினார் கட்டுரையாளர். நடுவில் ஒரு பத்தி வந்தது. கதையைச் சொந்தமாக உருவாக்குபவர்தான் உண்மையான டன்ஜன் மாஸ்டராம், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவராம். அச்சடித்த சாகசப் புத்தகத்தை வாங்கி நடத்துவது ஏட்டுச் சுரைக்காயாம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதில் வில்லன் யார் என்பதையும் போகிறபோக்கில் போட்டு உடைத்துவிட்டார். நான் இப்போது நடத்திக்கொண்டிருப்பது அதே புத்தகம். பதினோரு மாதமாக என் மேசையில் நான்கு பேர் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் உங்கள் வாசகர்கள்.

நான் பகலில் கணக்கு பார்ப்பவள். மாதக் கடைசியில் விழி பிதுங்கும் வேலை. வரைபடம், ராஜ பரம்பரை, சாமி, பூதம் எல்லாவற்றையும் நானே படைத்துத்தான் ஆட்டம் நடத்த வேண்டும் என்றால், ஆறு வருடத்துக்கு முன் தொடங்கியே இருக்க மாட்டேன்.

என் முதல் புத்தகம், 2014இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் தொடக்கப் பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’. முதல் காட்சிதான் என்பதால் சொன்னால் தப்பில்லை. சரக்கு வண்டியோடு போகும் வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். புதருக்குள் காப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் நான்கு. கட்டம் கட்டி அச்சிட்டிருந்த பத்தியை, பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்து முடித்தேன். இவர்கள் குதிரைப் பக்கம் போவார்கள், அம்பு பறக்கும் என்று காத்திருந்தேன். என் தம்பி சொன்னான்: “செத்த குதிரை கிடக்கிற இடத்துக்கு எவனாவது போவானாக்கா? வண்டியைத் திருப்பு.”

புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் பக்கத்தைப் புரட்டினேன். கடைசியில், “தயவுசெய்து போய்ப் பாருங்களேன்” என்று கெஞ்சினேன். பாவம் பார்த்துப் போனார்கள். புத்தகம் நான்கைந்து பேருக்காக எழுதியது, எங்களிடம் மூன்று பேர். தம்பி மனைவியின் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழு, அது தீர்ந்தால் ஆள் விழுந்துவிடும். காப்ளின் அம்பு ஒன்று பட்டால் 3 முதல் 8 வரை போய்விடும். இரண்டு அம்பு பட்டது. முதல் சுற்றிலேயே ஆள் காலி. அந்த மந்திரவாதிக்குப் பெயர் யோசிக்கவே அவள் அரை மணி நேரம் எடுத்திருந்தாள். மிச்ச நேரமெல்லாம் பகடையை அடுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி எனக்குப் புத்தகத்தின் மேல்தான் கோபம். தப்பு என்னுடையது என்று பிடிபடச் சில வாரங்கள் ஆயின. நான்கு காப்ளின் என்று அச்சடித்திருப்பது ஒன்றும் சட்டமில்லை, இரண்டாக்க ஒரு பென்சில் போதும். குதிரைப் பக்கம் யாரும் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று புத்தகத்தைக் கேட்கக் கூடாது, காப்ளினைக் கேட்க வேண்டும். அதற்கு வேண்டியது வண்டியில் இருக்கும் சரக்கு. வண்டி திரும்பினால் பின்னாலேயே வரும். அவ்வளவுதான் விஷயம்.

இதைத்தான் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. இந்த விளையாட்டு அச்சில் வந்தது 1974இல். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரு மாநாட்டுப் போட்டிக்காக நடத்திய கல்லறைச் சாகசம், 1978இல் புத்தகமானது. போட்டியில் பல குழுக்கள் ஒரே அறைக்குள் நுழைந்து ஒரே பொறியில் மாட்டினால்தானே யார் கெட்டிக்காரர் என்று ஒப்பிட முடியும்? அங்கே எழுதியதை எழுதியபடி நடத்துவதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் புதிதாக நடத்துகிறவர்களுக்காக 1970களின் கடைசியில் வந்த ஒரு புத்தகத்தைப் பாருங்கள். அறை எப்படி இருக்கும் என்று எழுதியிருக்கும். உள்ளே என்ன மிருகம், என்ன புதையல் என்ற இடம் காலி. நடத்துபவரே எழுதி நிரப்ப வேண்டும். அதை அடுத்து கைகாக்ஸ் எழுதியதில், கோட்டைக்குள் இருக்கும் யாருக்கும் பெயர் கிடையாது. பூசாரி, நகை வியாபாரி, காவல்காரர் என்று தொழில் மட்டும்தான். ஒரு குகையை முழுசாகவே ‘உங்கள் பாடு’ என்று விட்டுவிட்டார். அச்சில் வந்த சாகசம் ஆரம்பத்திலிருந்தே பாதி சமைத்த பண்டம்தான். இப்போதைய புத்தகங்கள் 200 பக்கத்தைத் தாண்டிப் பளபளவென்று வருவதால் அந்தக் காலி இடம் கண்ணில் படுவதில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் காலி இடம் ஒரு காப்ளின். இரண்டாவது செஷனில் உயிரோடு ஒன்றைப் பிடித்தார்கள். உன் பெயர் என்ன என்று தம்பி மனைவி (புது மந்திரவாதி, இந்தத் தடவை பெயர் வைக்க இரண்டே நிமிடம்) கேட்டாள். புத்தகத்தில் அதற்குப் பெயர் இல்லை. எதிரே ஸ்டேப்ளர் இருந்தது. “டேப்ளன்” என்றேன். அன்றிலிருந்து டேப்ளன் எங்கள் வண்டிக்காரன். பின்னால் ஒரு கோட்டைக்குள் அறை அறையாகச் சண்டை போட்டு நுழைய வேண்டிய இடத்தில், டேப்ளன் இவர்களைக் கயிற்றால் கட்டிக் கைதிகள் என்று சொல்லி வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போனான். நான் தயாரித்து வைத்திருந்த சண்டைகளில் பாதி குப்பைக்குப் போனது. அந்தக் கோட்டையை நான் கட்டவில்லை, வாசலைத் திறந்ததும் நான் இல்லை.

இப்போது என் தயாரிப்பு அரைத் தாளுக்குள் முடிகிறது. புத்தகத்தில் வரும் முக்கியமான ஆள் ஒவ்வொருவருக்கும் மூன்று வரி: இவனுக்கு என்ன வேண்டும், இவனுக்கு என்ன தெரியும், யாரும் தடுக்காவிட்டால் அடுத்த பத்து நாளில் என்ன செய்வான். அப்புறம் கணக்குப் பிள்ளை புத்தி, எங்கே உதைக்கும் என்று தேடுவேன். ஒரு புத்தகத்தில், அடுத்த ஊரின் பெயர் இருக்கும் கடிதம் ஒரே ஒரு பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது. பூட்டைத் திறக்க இருபது முகப் பகடையை உருட்டினான் தம்பி. விழுந்தது இரண்டு. கதை அங்கேயே நின்றது. அதிலிருந்து அப்படிப்பட்ட தகவல் எதுவானாலும் மூன்று இடத்தில் வைத்துவிடுகிறேன்: கடிதத்தில் ஒன்று, வேலைக்காரன் வாயில் ஒன்று, குதிரை லாயத்துச் சுவரில் ஒன்று. இதற்குப் பெயர் கற்பனை இல்லை என்றால் வேறு என்னவென்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

சரி, வில்லன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை வந்த அன்று சாயங்காலமே எங்கள் குரூப்பில் தம்பி மனைவி ஒரு வரி போட்டாள்: “அண்ணி, பேப்பர் பாத்தீங்களா?” பின்னாலேயே ஒரு அழுகை பொம்மை. பதினோரு மாதம்!

உதவியது இன்னொரு பழைய புத்தகம். 1983இல் வந்த ‘ரேவன்லாஃப்ட்’டில் ரத்தக் காட்டேரி எங்கே காத்திருக்கிறான், முக்கியமான பொருள்கள் எங்கே கிடக்கின்றன என்பதையெல்லாம் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். நடத்துபவருக்கே முன்கூட்டித் தெரியாது, படித்துவிட்டு வந்தவர் என்ன செய்வார்? அதையே நானும் பிடித்துக்கொண்டேன். இதுவரை நான் போட்ட துப்புகளையெல்லாம் எடுத்து வைத்து, யார்மேல் பொருந்துகிறது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேர் தேறினார்கள். மூன்று சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தேன்.

எது வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அடுத்த செஷன் வரும் சனிக்கிழமை. கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டேப்ளனுக்குப் பெயர் வைத்த வாசகி