ஆறு வடியும்வரை இரு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஈஸ்டர் விடுமுறைக்குச் சிநேகிதர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஆர்தர்ஸ் பாஸ் மலைக்குள் இருக்கிற தங்குகுடிலான ஹோடன் ஹட்டுக்குப் போகப் போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெலிங்டனுக்கு வேலைக்குப் போன பிறகு நீ மலைப் பக்கமே போகவில்லையே என்ற கவலை எனக்கு இருந்தது. இப்போது நீயே வழி தெரிந்தவனாக, ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்தே பழகாத மூன்று பேரை அழைத்துப் போகிறாய். தொலைபேசியில் எல்லாவற்றையும் கதைக்க முடியவில்லை, உன் பக்கத்தில் ஒரே சத்தம். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

ஞாயிறு இரவு விமானத்தைச் செவ்வாய் இரவுக்கு மாற்று. முதல் வேலை அதுதான். மாற்றுவதற்கான காசை நான் தருகிறேன். வேலையிடத்திலும் செவ்வாய் லீவு என்று இப்போதே சொல்லி வை. மற்ற மூன்று பேரும் அப்படியே செய்யட்டும். “ஞாயிறு மத்தியானமே வெளியே வந்துவிடுவோம் அம்மா, மூன்று நாலு மணித்தியால நடைதானே” என்றாய். நடை அவ்வளவுதான், பெரிய ஏற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எப்போது வெளியே வரலாம் என்பது ஆற்றின் கையில் இருக்கிறது.

சின்ன வயதில் உன்னை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம், கொஞ்சம் ஞாபகம் இருக்கும். 73ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காஸ் என்ற இடத்தைத் தாண்டி, மவுண்ட் வைட் வீதியில் திரும்பி, வைமகரிரி ஆற்றைப் பாலத்தில் கடந்து, சரளைக்கல் பாதையில் போனால் ஹோடன் ஷெல்டர். காரை அங்கே விட்டதும் முன்னால் அகலமான கல்வெளி. அதற்கு நடுவில் ஆறு இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். ஹட்டுக்குப் போக அதைக் கடந்துதான் ஆக வேண்டும். பாலம் கிடையாது. இடையில் சடன் வேலி என்ற பள்ளத்தாக்கின் ஓடை வந்து சேர்கிறது, அதையும் காலை நனைத்துத்தான் கடக்க வேண்டும். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம் என்று மற்றவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடு. வழுக்குகிற கல்லில் வெறுங்கால் நிற்காது.

நல்ல நாளில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். உன் சிநேகிதர்கள் சிரித்துக்கொண்டே கடப்பார்கள், படம் எடுப்பார்கள். எனக்குப் பயம் அங்கேதான். வெள்ளிக்கிழமை அவ்வளவு சுலபமாகக் கடந்த ஆறு ஞாயிறும் அப்படியே இருக்கும் என்று மனம் நம்பிவிடும்.

தாஸ்மன் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸில் மோதி, மேற்குச் சரிவிலும் மலைமுகட்டிலும் மழையைக் கொட்டுகிறது. கிழக்கே வர வர மழை குறையும். கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வந்து சேரும்போது சூடான வடமேல் காற்று மட்டும்தான் மிச்சம். இங்கே கொடியில் போட்ட உடுப்பு சட்டென்று காய்ந்துவிடும், மேற்கு வானத்தில் வில்லாக வளைந்த மேகம் நிற்கும். ஊரில் எல்லாரும் நல்ல நாள் என்பார்கள். அதே நேரம் ஹோடன் ஆற்றின் தலைப்பக்கத்தில் அடைமழை பெய்துகொண்டிருக்கும். ஆற்றங்கரையில் நிற்கிற உன் மேல் ஒரு துளி விழாமல் இருக்கலாம். வெயில்கூட எறிக்கலாம். தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் கிறைஸ்ட்சேர்ச்சின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதே. வானிலைச் சேவையான மெட்சேர்விஸ் ஆர்தர்ஸ் பாஸ் தேசியப் பூங்காவுக்கென்று தனியாக மலை வானிலை அறிக்கை தருகிறது, அதைப் பார். அதில் மலைமுகட்டில் கனமழை என்று இருந்தால் பயணத்தையே வேறு வாரத்துக்குத் தள்ளிவிடு.

அங்கே மலைகள் செங்குத்து, ஆறுகள் குட்டை. நடுவில் மழையைப் பிடித்து வைக்கப் பெரிய ஏரி ஒன்றும் இல்லை. பெய்த மழை சில மணித்தியாலத்தில் ஆற்றுக்கு வந்துவிடுகிறது. ஆனால் தம்பி, அதே காரணத்தால் மழை விட்டதும் ஆறு வேகமாக வடிந்தும் விடுகிறது. பின்னேரம் மரத்தைப் புரட்டிக்கொண்டு ஓடின ஆறு அடுத்த நாள் மத்தியானம் மறுபடி முழங்காலுக்கு இறங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு இரவு, சில வேளை இரண்டு. அவ்வளவுதான் காத்திருக்க வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறியவர்களில் அத்தனை பேர் ஆறுகளில் போனதால், தண்ணீரில் மூழ்குவதை ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே சொன்னார்கள். அவர்களுக்குப் பாலமும் இல்லை, வானிலை அறிக்கையும் இல்லை. இன்றைக்கு இரண்டும் இருந்தும் ஆறு ஆட்களைக் கொண்டுபோகிறது. சில மணித்தியாலம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

நாளைக்கு வேலை, இன்றிரவு விமானம், வீட்டில் அம்மா தேடுவா. கலங்கிய ஆற்றின் கரையில் நிற்கும்போது தலைக்குள் ஓடுவது இதெல்லாம்தான். நாலு பேர் சேர்ந்து நின்றால் ‘வேண்டாம், திரும்பி ஹட்டுக்குப் போவோம்’ என்று முதலில் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. நீ சொல்ல வேண்டும். டிக்கெட் செவ்வாய்க்கு இருந்தால் சொல்வது உனக்குச் சுலபம். அதற்காகத்தான் இவ்வளவு கரைச்சல் கொடுக்கிறேன்.

நான் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே கிடக்கிற கிணற்றுத் தண்ணீர்தான் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர். ஆறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஊர் மலைநடைச் சங்கமான ட்ராம்பிங் கிளப்பில், தலை நரைத்த பெண்கள் கரையில் நின்று காட்டித் தந்தது. வந்த புதிதில் வாய் திறந்து ஆங்கிலம் கதைக்கக் கூச்சப்பட்ட என்னை அவர்கள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். அதற்கு முன்னால் எப்போது இறங்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். தண்ணீர் பழுப்பாகவோ பால் கலங்கலாகவோ இருந்தால் வேண்டாம். கிளையும் கட்டையும் மிதந்து வந்தால் வேண்டாம். அடியில் கற்கள் உருண்டு மோதுகிற சத்தம் கேட்டால் வேண்டவே வேண்டாம். ஒரு குச்சியை எறிந்துவிட்டுக் கரையோடு நடந்து பார். குச்சி உன்னை முந்திக்கொண்டு போனால் அந்த ஆறு உனக்கு இல்லை. இதில் ஒன்று இருந்தாலே போதும், திரும்பி நட.

எல்லாம் சரியாக இருந்தாலும் இடத்தைப் பார்த்து இறங்கு. ஆறு அகலமாகப் பிரிந்து ஓடுகிற இடத்தில் ஆழம் குறைவு. கீழே கொஞ்ச தூரம் வடிவாகப் பார்: விழுந்தால் எங்கே கொண்டுபோகும்? கட்டைகள் அடைந்து கிடக்கிற இடமோ, பாறைச் சுவரோடு மோதுகிற வளைவோ இருந்தால் வேறு இடம் தேடு. நாலு பேரும் தோளோடு தோள் நின்று, பக்கத்தில் நிற்பவரின் முதுகுக்கும் பைக்கும் நடுவே கையை விட்டுப் பை வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலமான ஆள் மேல் நீரோட்டப் பக்கம். நெஞ்சு வாரைக் கழற்றிவிடுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாக நடக்க வேண்டும். நடுவில் தண்ணீர் தள்ளுகிறது என்று பட்டால் முன்னேற வேண்டாம், பின்னால் வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் குறைவாக இருக்கும்போதே இதை ஒருமுறை பழகிப் பாருங்கள்.

சனிக்கிழமை வானம் தெளிந்திருந்தால் வோக்கர் பாஸ் கணவாய்ப் பக்கம் ஏறிப் பார்க்கலாம். அதைத் தாண்டி எட்வர்ட்ஸ் பள்ளத்தாக்குக்கு இறங்க ஆசைப்படாதே. 1929 நிலநடுக்கத்தில் ஒரு மலை இடிந்து விழுந்து நிரப்பிய கணவாய் அந்த வழியில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இந்த மூன்று பேரோடு இல்லை.

ஆறு ஏறி ஹட்டில் இருக்க வேண்டி வந்தால் அதைப் பெரிய கஷ்டமாக எடுக்காதே. எனக்கு மலையில் கிடைத்த மிக நல்ல நேரங்கள் சில, மழை அடைத்துக்கொண்டு ஹட்டுக்குள் கிடந்தபோது கிடைத்தவைதான். ஹோடனில் 20 பேருக்குப் படுக்கை இருக்கிறது, விறகு அடுப்பு இருக்கிறது. கூரைத் தண்ணீர் தொட்டிக்கு வரும். வெளியே ஆறு இரையும், உள்ளே முன்பின் தெரியாத ஆட்கள் தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். நனைந்து வருகிறவருக்கு அடுப்புப் பக்கம் இடம் விட்டுக் கொடு. எத்தனை மணிக்கு வந்தாலும், ஹட் நிறைந்திருந்தாலும், ஒரு ஆளை வெளியே விடக் கூடாது. ஈஸ்டர் என்பதால் கூட்டம் இருக்கும், அதனால் கூடாரமும் கொண்டு போங்கள்.

இந்த நாட்டில் மலைக்குள் இருக்கிற சின்ன ஹட்டுகளில் நிறைய, மான் சுடுகிறவர்களுக்காகக் கட்டியவை. வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட செம்மான், அதைப் பிடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லாமல் பெருகிக் காட்டைத் தின்றது. 1930 முதல் அரசாங்கம் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட்டது. 1956இல் அந்த வேலை வனச் சேவையிடம் போனது, அவர்கள் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக ஹட்டும் தொங்கு பாலமும் போட்டார்கள். 1987இல் எல்லாம் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களமான டொக் கைக்கு வந்தது. இன்றைக்கு 900க்கு மேற்பட்ட ஹட்டுகள். பெரும்பாலானவற்றில் பூட்டே கிடையாது. எங்கிருந்தோ வந்த எனக்கும் அந்தக் கதவு திறந்தது, தம்பி. அதற்கு நான் இந்த நாட்டுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஹட்டைச் சுற்றி மலை பீச் மரக் காடு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் ரொபின் குருவி காலடிக்கே வந்து சப்பாத்து வாரைக் கொத்தும். நெற்றியில் செம்மஞ்சள் பட்டை போட்ட ககாரிகி என்ற சின்னப் பச்சைக் கிளி வாழ்கிற மிகச் சில பள்ளத்தாக்குகளில் ஹோடனும் ஒன்று. பீச் மரம் அமோகமாக விதை சிந்துகிற வருடத்தில் எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் என்ற கீரி மாதிரி மிருகம் பெருகும், பிறகு இரண்டும் கிளிக் கூட்டைத் தேடிப் போகும். வழியில் காண்கிற பொறிப் பெட்டிகள் அதற்காக வைத்தவை, ஒருவரும் கை வைக்க வேண்டாம். மரத்தில் செம்மஞ்சள் முக்கோணம் இருந்தால்தான் அது நடைபாதை. வேறு நிறமென்றால் பொறிக்காரரின் வழி, அதில் போய்த் தொலைந்துவிடாதே. சப்பாத்தை இரவில் வெளியே விட்டால் கியா பறவை தூக்கிக்கொண்டு போகும். ஆற்றங்கரையில் நின்றால் சாண்ட்ஃபிளை என்ற சின்ன ஈ கடிக்கும், நடந்துகொண்டே இருந்தால் அவ்வளவு இல்லை.

சமைக்க காஸ் அடுப்பு நீங்களே கொண்டு போக வேண்டும். சாப்பாட்டை இரண்டு நாளுக்கு அதிகமாகக் கட்டு. சீனிச் சம்பல் ஒரு போத்தலும், ஆளுக்கு நாலு பொரிவிளாங்காயும் நான் செய்து வைக்கிறேன். வழியில் தின்று தீர்க்காதே, அது ஆறு ஏறினால் தின்னத்தான். நித்திரைப் பையையும் ஒரு சோடி உடுப்பையும் தடித்த பொலித்தீன் பைக்குள் கட்டி வை. கிளம்பும்போது ஹட்டைக் கூட்டி, அடுத்து வருகிறவருக்குக் காய்ந்த சுள்ளி வைத்துவிட்டு வா. ஹட் புத்தகத்தில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எழுது: எத்தனை பேர், எங்கிருந்து, அடுத்து எங்கே. தேட வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஆபத்தில் உதவிக்கு அழைக்கிற என் பிஎல்பி கருவியைக் கொண்டு போ. உள்ளே தொலைபேசி எடுக்காது. கால் முறிந்தாலோ, ஆளைக் காணாவிட்டாலோ, உயிருக்கு ஆபத்தென்றாலோ யோசிக்காமல் அழுத்து. பிந்துவதற்காக அதை அழுத்த வேண்டாம், பிந்தலாம் என்று நான்தான் சொல்கிறேனே. ஞாயிறு இரவு நீ வராவிட்டால், ஆறு ஏறிவிட்டது, பிள்ளை ஹட்டில் அடுப்புப் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படுப்பேன். திங்களும் அப்படித்தான். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒருவரையும் அழைக்க மாட்டார். செவ்வாய் மாலை 6 மணிக்கும் உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை என்றால் 111க்கு அழைத்துப் பொலிஸைக் கேட்பேன். அதற்கு முன் இல்லை. அந்த 6 மணி உனக்கும் மனதில் இருக்கட்டும், ஆனால் அதற்காகவும் ஆற்றில் இறங்காதே. தேடுகிறவர்கள் வந்து உங்களை ஹட்டில் சும்மா இருக்கக் கண்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

மூன்று பேரின் முழுப் பெயர், அவர்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கங்கள், யாருக்கு என்ன மருந்து, வாடகைக் காரின் இலக்கம், மழை உடுப்புகளின் நிறம் எல்லாவற்றையும் புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அவர்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது என்றாயே, அது யார் என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா