பழைய காரை ஒப்படைக்கிறவங்க கைக்கே ஊக்கத்தொகை வரணும் – கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்கள்,
புது டெல்லி.

பொருள்: பழைய வண்டி கழிக்கிற திட்டத்துல சலுகை எல்லாம் புது கார் வாங்குறவங்களுக்கே போகுது, வண்டிய ஒப்படைக்கிற ஆளுக்கு நேரா குடுக்க வேண்டி.

அய்யா வணக்கம்,

மனுன்னா எப்படி எழுதணும்னு ஒரு முறை இருக்கு, எனக்கு அது வரல, பேசுற மாதிரியே எழுதுறேன், மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்ல ஒரு மாருதி 800 நிக்குது. 2005 அக்டோபர்ல அப்பா வாங்குனது, ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு, பிஎஃப் லோன் போட்டு வாங்குனாரு. 15 வருஷம் முடிஞ்சு 2020ல ஆர்சிய அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சோம், அப்ப புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபா. 2022 ஏப்ரல்ல இருந்து அத 5,000 ஆக்குனீங்க, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுன காருக்கு 10,000ன்னு போட்டீங்க, எங்க வண்டி கரெக்ட்டா அந்த 20ல வந்து மாட்டிக்கிச்சு. பசுமை வரி தனி, இன்ஸ்பெக்ஷனுக்கு காட்ட முன்னாடி டிங்கரிங் பெயிண்ட் வேலை தனி, புரோக்கர் தனி.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன், வண்டிய காப்பாத்தணும்னு நான் இந்த மனு போடல. அது போக வேண்டிய வண்டிதான். ஏர்பேக் கிடையாது, டிரைவர் பக்கம் தரைத் தகடு துரு பிடிச்சு ஒரு இடத்துல கீழ ரோடு தெரியும், அப்பா அதுமேல ஒரு ரப்பர் மேட்ட போட்டு மறைச்சு வச்சிருக்காரு, மழை பெஞ்சா அந்த மேட் நனையும். அம்மாவ மாசம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது, எப்பவாச்சும் ஒரு கல்யாணம் காதுகுத்து, அவ்ளோதான் ஓட்டம், வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் கூட வராது. குடுத்துடலாம்னு வீட்ல எல்லாருமே ஒத்துக்கிட்டோம், அப்பா கூட ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு அப்புறம் சரின்னுட்டாரு. சரி முறையா அரசாங்கம் சொல்ற வழில குடுப்போம்னு இறங்குனப்பதான் இந்த திட்டம் எங்கள மாதிரி ஆளுங்கள மனசுல வச்சு போட்டது இல்லன்னு புரிஞ்சுது.

எப்படின்னு சொல்றேன்.

2021 பட்ஜெட்ல அறிவிச்சு, மார்ச்ல விவரம் சொன்னப்போ நல்லாதான் இருந்துச்சு. பதிவு பெற்ற ஸ்கிராப் சென்டர்ல வண்டிய குடுத்தா, ஒப்படைச்சதுக்கு சான்றா டெபாசிட் சர்டிபிகேட் தருவாங்க, புது வண்டி விலைல 4ல இருந்து 6 சதவீதம் ஸ்கிராப் மதிப்பா வரும், கம்பெனிக்காரங்க 5 சதவீதம் தள்ளுபடி தரணும்னு அறிவுரை சொல்லுவோம், ரோடு டாக்ஸ்ல சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரைக்கும் கழிவு, புது வண்டிக்கு பதிவுக் கட்டணம் வேணாம், இப்படி வரிசையா சொன்னீங்க. இதுல ஸ்கிராப் மதிப்பு ஒண்ண எடுத்துட்டு மிச்சத்த எல்லாம் திரும்ப ஒரு தடவ படிச்சுப் பாருங்க, அத்தனையும் புது வண்டி வாங்குனாதான். 20 வருஷமா ஒரு 800ஐ வச்சு ஓட்டுறவன் ஷோரூம் பக்கம் போக முடியாமத்தானே அய்யா அதையே வச்சு ஓட்டுறான்? முடியும்னா எப்பவோ மாத்தியிருப்பானே.

சரி, எப்படியோ லோன் போட்டு வாங்குறோம்னே வைங்க. 5 சதவீதம்னு பேசுன தள்ளுபடி 2024 ஆகஸ்ட்ல கார் கம்பெனிகள் ஒத்துக்கிட்டப்போ 1.5 சதவீதம் இல்லன்னா 20,000 ரூபா, ரெண்டுல எது கம்மியோ அதுன்னு வந்து நின்னுச்சு, அதுவும் ஒரு வருஷத்துக்கு, அதுவும் வண்டிய ஸ்கிராப் பண்ணி ஆறு மாசத்துக்குள்ள வந்தாதான். 6 லட்ச ரூபா கார்னா 9,000 ரூபா. அந்த 20,000 முழுசா வேணும்னா கார் விலை 13 லட்சத்து 33 ஆயிரத்த தாண்டணும். அதாவது பெரிய கார் வாங்குறவருக்கு பெரிய சலுகை, சின்ன கார் வாங்குறவனுக்கு சின்ன சலுகை, ஒப்படைக்கிற ஓட்டை வண்டி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்! பழைய வண்டிய ஷோரூம்லயே குடுத்து எக்ஸ்சேஞ்ச் போனஸ் வாங்குனா இது கிடையாது, ரெண்டுல ஒண்ணுதான். ஷோரூம்ல இருந்த தம்பி (பாவம் நல்ல பையன், டீ எல்லாம் குடுத்தான்) அவனே சொல்றான், அண்ணே ஸ்கிராப்லாம் வேணாம், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருங்க அதுதான் உங்களுக்கு லாபம்னு. எக்ஸ்சேஞ்ச்ல போனா அந்த வண்டி என்ன ஆகும்? வேற யாரோ ஒருத்தர் வாங்கி ஓட்டுவாரு. அதே புகை, அதே ஓட்டைத் தகடு, ஊரு மட்டும் வேற.

ரோடு டாக்ஸ் கழிவு கொஞ்சம் கனமானதுதான், ஒத்துக்கிறேன். எங்க மாநிலத்துல 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 13 சதவீதம், 6 லட்சத்துக்கு 78,000, அதுல கால்வாசின்னா 19,500. ஆனா உங்க விதில "வரைக்கும்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, எவ்ளோ குடுக்கணும்னு மாநிலத்துகிட்ட விட்டுட்டீங்க, மாநிலத்துல கேட்டா டெல்லிய கை காட்டுறாங்க.

இதெல்லாம் புது கார் வாங்குறவங்க கதை. வாங்காதவன் கதைக்கு வரேன்.

ஸ்கிராப் சென்டர் ஒண்ணுக்கு போன் போட்டேன். எடைக் கணக்குதான் சார், 15,000 கிட்ட வரும், கொண்டு வந்து விடுறது உங்க பொறுப்புன்னாங்க. எங்க டவுன்ல இருந்து 140 கிலோமீட்டர். தரை ஓட்டையா இருக்குற வண்டிய அவ்ளோ தூரம் ஓட்ட எனக்கு பயம், டோ வண்டி விசாரிச்சா 7,000 கேக்குறான். கைல நிக்கிறது 8,000. புது வண்டி விலைல 4ல இருந்து 6 சதவீதம்னு சொன்னீங்களேன்னு கேட்டேன், 800தான் 2014லயே நின்னு போச்சே சார், எந்த புது விலைய வச்சு கணக்கு போடுறதுன்னு அவங்க கேக்குறாங்க. நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியல.

அதே வாரம் நம்ம ஊரு காயலான் கடைக்காரர் வீட்டுக்கே வந்தாரு. பாடிய சும்மா ஒரு தட்டு தட்டிட்டு நேரா கீழ குனிஞ்சு, மல்லாக்கப் படுத்து, சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற டப்பா, அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர விரல் முட்டியால தட்டிப் பார்த்தாரு. ஒரிஜினல்தான்னு அவருக்குள்ளயே சொல்லிக்கிட்டாரு. எழுந்து மண்ணத் தட்டிட்டு 26,000, இப்பவே கேஷ், வண்டி எடுக்குற செலவு என்னுதுன்னாரு. அந்த டப்பாக்குள்ள பிளாட்டினம் பல்லேடியம்னு விலை உயர்ந்த உலோகம் கொஞ்சம் இருக்கும், அதுக்குத்தான் அந்தத் தட்டு. முறையான சென்டர் போன்ல எடைய மட்டும்தான் பேசுச்சு, அந்த டப்பாவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

ஆர்சி கேன்சல் பண்ணித் தருவீங்களான்னு கேட்டேன். அதெல்லாம் பாத்துக்கலாம் சார்னாரு. இந்த "பாத்துக்கலாம்"க்கு பயந்துதான் இன்னும் குடுக்கல. நாளைக்கு அந்த சேஸிஸ் நம்பரோட எங்கயோ எவனோ ஓட்டி யாரையாவது இடிச்சா போலீஸ் எங்க அப்பாவ தேடித்தானே வரும், ஆர்சில அவரு பேருதானே. உங்க சென்டர்ல இந்த பயம் இல்ல, திருட்டு வண்டியான்னு பாத்து, சேஸிஸ் நம்பர வெட்டி எடுத்து வச்சு, சர்டிபிகேட் குடுத்து பதிவ ரத்து பண்ண வழி பண்றாங்க, அது நல்ல ஏற்பாடு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிம்மதிக்காக 18,000 ரூபா நஷ்டப்படுன்னு ஒரு சாதாரண குடும்பத்துகிட்ட சொன்னா எத்தன பேரு கேப்பாங்க?

இதுல இன்னொண்ணு. 2025 ஏப்ரல்ல இருந்து ஆயுள் முடிஞ்ச வண்டிகளுக்கு புது சுற்றுச்சூழல் விதி வந்துருக்கு. கார் தயாரிக்கிற கம்பெனிங்க இவ்ளோ இரும்பு மீட்டாகணும்னு பொறுப்பு சுமத்தி, அப்படி மீட்டதுக்கான சர்டிபிகேட்ட (இது டெபாசிட் சர்டிபிகேட் இல்ல, வேற) ஸ்கிராப் சென்டர்கள்கிட்ட இருந்து காசு குடுத்து வாங்கிக்கலாம்னு வச்சுருக்கீங்க. அப்போ எங்க வண்டிய உடைச்சா சென்டருக்கு இரும்புக் காசு வருது, உதிரி பாகம் காசு வருது, கம்பெனிக்கு விக்கிற சர்டிபிகேட் காசும் வருது. வண்டிய கொண்டு வந்தவனுக்கு எடைக் காசு மட்டும்.

டெபாசிட் சர்டிபிகேட்ட இன்னொருத்தருக்கு விக்கலாம்னு விதியிலயே இருக்குன்னு உங்க அதிகாரிங்க சொல்லுவாங்க. இருக்குதான். 74 வயசு எங்க அப்பா அத எந்த ஆன்லைன்ல போட்டு யாருகிட்ட பேரம் பேசுவாரு? அதையும் ஒரு புரோக்கர்தான் பாதி விலைக்கு வாங்கிட்டுப் போவான்.

விற்பனைய ஏத்தத்தான் இந்த திட்டம்னா அதையும் நேரா பேசுவோம். 2009ல ஜெர்மனில 9 வருஷம் தாண்டுன கார ஒப்படைச்சு புதுசு வாங்குனா 2,500 யூரோ குடுத்தாங்க, மொத்தம் 500 கோடி யூரோ செலவு. அந்த வருஷம் 38 லட்சம் கார் வித்துச்சு, அடுத்த வருஷம் 29 லட்சத்துக்கு விழுந்துச்சு, அடுத்த வருஷம் வாங்க வேண்டியவன் முன்னாடியே வாங்கிட்டான், அவ்ளோதான். அமெரிக்காலயும் அதே 2009ல 300 கோடி டாலர் ஒதுக்குனாங்க, 6.77 லட்சம் வண்டி, நல்லா ஓடுற இன்ஜின்ல சோடியம் சிலிகேட் கரைசல ஊத்தி ஓடவிட்டு இறுக வச்சு சாகடிச்சாங்க, மனசு கேக்கல படிச்சப்போ. நம்ம ஊர்லயே பாருங்க, 2025 செப்டம்பர் 22ல சின்ன கார் ஜிஎஸ்டிய 18 சதவீதத்துக்கு குறைச்சீங்க, ஒரு வண்டியும் உடைக்காம விலை இறங்குச்சு, அந்த 1.5 சதவீதம் அதுக்கு பக்கத்துலயே வராது. விற்பனைக்கு அந்த வழி இருக்கு. ஸ்கிராப் திட்டம் ஸ்கிராப் வேலைய பாக்கட்டும்.

அதனால நான் கேக்குறது இதுதான். சலுகைய புது கார் பில்லோட முடிச்சு போடாதீங்க. வண்டிய சென்டர்ல ஒப்படைச்சு பதிவு ரத்தான உடனே ஒரு குறைஞ்சபட்ச தொகை, காயலான் கடைக்காரர் குடுக்குறதுக்கு கம்மி இல்லாம, ஆர்சில பேர் இருக்குறவரோட பேங்க் கணக்குக்கு நேரா வரணும், அவரு அடுத்து புது கார் வாங்குறாரா, பஸ்ல போறாரா, அது அவரு இஷ்டம். டெபாசிட் சர்டிபிகேட்ட நிர்ணயிச்ச விலைக்கு அரசாங்கமே திருப்பி வாங்கிக்கிட்டா கூட இது முடிஞ்சுரும், புதுசா சட்டம் கூட தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். கம்பெனி சர்டிபிகேட் காசுல ஒரு பங்கும் ஓனருக்கு வரட்டும், பணம் எங்கன்னு கேட்டா அங்க இருக்கு.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ் 6 (2020ல வந்த புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) கார் வாங்குறவங்களுக்கும் சலுகைய நீட்டணும். நாங்க வாங்குனா அதான் வாங்குவோம், 2020க்கு அப்புறம் வந்த ஒரு சின்ன வண்டி, ஏர்பேக் இருக்கும், புகை கம்மி. உங்க திட்டம் வேணும்னு சொன்ன மாற்றம் அதுலயே நடந்துருது, ஆனா ஒரு ரூபா சலுகை கிடையாது, ஏன்னா ஷோரூம்ல பில் போடல.

வயச மட்டும் பாக்காம ஓட்டத்தையும் பாருங்க. தினம் 200 கிலோமீட்டர் ஓடுற பழைய டீசல் வேனும் எங்க 800ம் ஒண்ணா? அந்த வேன்காரருக்கு எங்களவிட நிறைய குடுங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன், அந்த வண்டி போனாதான் ஊருக்கு நல்லது.

கட்டணத்தையும் கொஞ்சம் யோசிங்க. ஒப்படைக்க பக்கத்துல இடம் இல்லாத மாவட்டத்துக்கெல்லாம் அந்த 10,000 ரூபாய நிறுத்தி வைங்க, இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போற செலவ சென்டரே ஏத்துக்கணும்னு விதி போடுங்க. போறதுக்கும் வழி இல்ல இருக்குறதுக்கும் அபராதம்னா அந்த வண்டி ஆர்சி இல்லாம ஓடும், இன்சூரன்ஸும் இல்லாம ஓடும், எங்க தெருவுலயே அப்படி ரெண்டு ஓடுது.

மாநில போக்குவரத்துத் துறை செயலாளர் அவர்களுக்கும் இதோட நகல் அனுப்புறேன், அந்த "வரைக்கும்"க்கு பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். எங்க வண்டிய நான் இன்னும் யாருக்கும் குடுக்கல. காயலான் கடைக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு, மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டுருக்கேன். அதுக்குள்ள உங்க பக்கத்துல இருந்து ஒரு பதில் வந்தா சென்டர்லயே ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாருதி 800 வீட்டுக்காரன்