பரணில் கிடந்த கேசட்

அன்புள்ள மணி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய் வருகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. என் பெரிய மச்சான் விட்டுவிட்டு இன்றுவரை மாடிப்படியில் தவிக்கிறார். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறாள். ஒருநாள் போன் போட்டுப் பேசு, சந்தோஷப்படுவாள்.

கயல் விஷயத்துக்கு வருகிறேன். அடிமை முறையைச் சினிமா எப்படிக் காட்டியது என்று ஆய்வு செய்கிறாள், நம்மிடம் இருந்த அந்த இத்தாலிப் பட கேசட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறதுடா. பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் மற்ற கேசட்டுகளோடு கிடந்தது. லேபிளில் நீல பால்பாயிண்ட் பேனாவில் உன் கையெழுத்து: 'குட்பை அங்கிள் டாம், 1971'. கீழே இன்னும் சின்னதாக 'திருப்பித் தரவும்'. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், டேப் சுற்றின் மேல் வெள்ளைப் பூசணம் மாவு தூவினதுபோலப் படர்ந்திருக்கிறது.

அந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். 1993, தில்லை நகர் மாடி அறை. வாடகை டெக், சுந்தரத்தின் அண்ணன் வீட்டு டி.வி. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து, எத்தனை கை மாறியதோ தெரியாது, கடைசியில் நம்மிடம் வந்து சேர்ந்தது. டெக் எல்லா நாட்டு கேசட்டையும் ஓட்டும் ரகம். டி.வி.தான் நம்மூர் 'பால்' ஒளிபரப்பு முறை. அமெரிக்க 'என்.டி.எஸ்.சி.' முறையில் பதிந்த கேசட்டைப் போட்டதும் படம் மேலே மேலே உருண்டது. நீ பின்பக்கம் கையை விட்டு வி-ஹோல்ட் திருகைத் திருகிக்கொண்டே நின்றாய். உருளுவது நின்றது, கலர் வரவே இல்லை. இரண்டு மணி நேரம் பன்னிரண்டு பேர் கருப்பு வெள்ளையில் பார்த்தோம். கீழே ஏதோ ஒரு நாட்டு சப்டைட்டில், எழுத்தெல்லாம் கரைந்து வெள்ளைத் தீற்றலாக. படத்துக்கு முன்னால் யாருடைய விளம்பரமோ ஓடியதால் இடம் போதாமல் முடிவு வருவதற்குள் டேப் நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. டீ குடிக்கக்கூட ஒருவரும் எழுந்து போகவில்லை.

அடுத்த மாதம் நம் கையெழுத்துப் பத்திரிகையில் 'இது படம் அல்ல, ஆவணம்' என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். போன மாதம் அதே படத்தை நல்ல பிரதியில் பார்த்தேன் மணி. அன்று எழுதியது தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2003-ல் ப்ளூ அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க நிறுவனம், இதை இயக்கிய குவால்தியெரோ யாகொப்பெட்டி, ஃபிராங்கோ ப்ராஸ்பெரி இருவரின் படங்களையும் எட்டு டிஸ்க் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. அதில் இந்தப் படம் இரண்டு வடிவத்திலும் இருக்கிறது: 136 நிமிட இத்தாலியப் பதிப்பு, அமெரிக்காவில் ஓடிய 123 நிமிடப் பதிப்பு. அக்கா மகன் வரும்போது அந்தப் பெட்டியை வாங்கி வந்தான். கயல் இதை முதலில் கவனிக்க வேண்டும், எந்தப் பதிப்பைப் பார்த்தேன் என்று எழுதாமல் இந்தப் படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது. இத்தாலியப் பதிப்பில் மார்ட்டின் லூதர் கிங் கொலையும் அன்றைய கறுப்பின இயக்கமும் பழைய அடிமைக் காட்சிகளோடு கோத்து வரும். அமெரிக்க விநியோகஸ்தர்கள் வெட்டியது பெரும்பாலும் அந்த அரசியலைத்தான், சவுக்கடி அப்படியே இருக்கிறது.

டிஸ்கைப் போட்டதும் முதலில் தெரிந்தது அகலம். நம் கேசட்டில் ஓரங்களை வெட்டிச் சதுர டி.வி.க்கு அடக்கியிருந்தார்கள், படத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டிருந்தது. பிறகு கலர். பிறகு முகங்கள். அந்தக் கப்பல் அடித்தளக் காட்சி நினைவிருக்கிறதா? மனிதர்களை நெருக்கி அடுக்கிச் சங்கிலி போட்ட காட்சி. நம் கேசட்டில் அது சாம்பல் நிற மேடும் பள்ளமும்தான். இருட்டில் ஏதோ நெளிவதுபோல இருந்தது, அந்த மங்கலே நமக்குத் துயரமாகத் தெரிந்தது. டிஸ்கில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். புருவம், விலா எலும்பு, உதட்டு வெடிப்பு. படம் நெடுகக் குழந்தைகள், உடம்பில் துணி இல்லாமல். எனக்கு அந்த இடத்தில் கதை மறந்துவிட்டது. இவர்கள் யார், எந்த ஊர், எப்படி இந்தப் பலகையில் வந்து படுத்தார்கள் என்பதுதான் மனசில் ஓடியது.

பெரும்பகுதி படப்பிடிப்பு கரீபியன் கடல் நாடான ஹைட்டியில். 1957 முதல் 1971-ல் சாகும்வரை அந்த நாட்டை ஆண்டவர் பிரான்சுவா டுவாலியர். 'பாப்பா டாக்' என்பார்கள். டோன்டோன் மக்கூட் என்ற அடியாள் படையை வைத்து மக்களை நடுங்க வைத்தவர். இயக்குநர்களுக்கு அவர் ராஜதந்திரிகளுக்கான கார்களைக் கொடுத்தார், எங்கே வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்றார், எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை ஆள் என்றார். ராத்திரி விருந்துக்கும் அவரோடு உட்கார்ந்தார்கள். அந்த ஆள் அனுப்பிய மக்கள்தான் நாம் பார்த்தவர்கள். அப்படிப்பட்ட ஆட்சியில் 'உடுப்பைக் கழற்று, சங்கிலியை மாட்டிக்கொள், படு' என்று சொன்னால் எவன் மாட்டேன் என்பான்?

அதுவும் ஹைட்டியில்! அடிமைகளே கிளர்ந்தெழுந்து பிரெஞ்சு எஜமானர்களைத் துரத்தித் தனி நாடு கண்ட ஊர் அது. 1791 ஆகஸ்டில் தொடங்கிய போர், நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ல் சுதந்திரம். அதற்குத் தண்டனைபோல 1825-ல் பிரான்ஸ், போன சொத்துக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. சொத்து என்றால் அந்த மனிதர்களும் சேர்த்துத்தான். பிறகு தொகையை ஒன்பது கோடியாகக் குறைத்தார்கள், ஆனால் அதற்காக வாங்கிய கடனின் சுமை 1947 வரை தீரவில்லை. அப்படி ஏழையாக்கப்பட்ட நாட்டில்தான், தங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் உடைத்தெறிந்த சங்கிலியைக் கூலிக்கு மாட்டிக்கொண்டு அந்த மக்கள் நின்றார்கள். நம் பத்திரிகைக் கட்டுரையில் ஹைட்டி என்ற பெயரே வரவில்லை மணி. நமக்குத் தெரியாது. படம் வந்த காலத்திலேயே அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைக் கேட்டிருக்கிறார். அடிமைக் காலத்துக் கொடுமை சோகம் என்றால், அதைச் சில டாலருக்கு மறுபடி நடத்திக் காட்ட முடிந்ததும் கோபப்பட வேண்டிய விஷயமில்லையா என்று. அவர் கோபம் முழுக்க நியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

இயக்குநர்கள் தரப்பையும் கயல் எழுதட்டும். அவர்களுடைய முந்தைய ஆப்பிரிக்கப் படத்தை நிறவெறி என்று திட்டினார்கள், அதற்குப் பதிலாகத்தான் இதை எடுத்தோம் என்றார்கள். அவர்கள் கையில் நிஜமான சரித்திரமும் இருந்தது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒன்றேகால் கோடிப் பேரைக் கப்பலேற்றினார்கள், கரை சேர்ந்தது ஒரு கோடியே ஏழு லட்சம் பேர்வரைதான். இந்தக் கணக்குக்கு எந்த ஜோடனையும் வேண்டாம். ஆனால் படத்தின் உத்தியைப் பார்: இரண்டு இத்தாலியப் பத்திரிகையாளர்கள் ஹெலிகாப்டரில் பழைய அமெரிக்காவில் போய் இறங்குகிறார்கள். வெள்ளைக்காரர்கள் கேமராவைப் பார்த்து நீளமாகப் பேசுகிறார்கள். அடிமைப்பட்டவர்களுக்கு மனசு விட்டுப் பேச அநேகமாக இடமே இல்லை, அவர்கள் உடம்பு மட்டும்தான் வேண்டியிருக்கிறது. நம் கேசட்டில் நின்றுபோன முடிவையும் பார்த்துவிட்டேன். இன்றைய கறுப்பர் ஒருவர் நேட் டர்னர் என்ற அடிமை 1831-ல் அமெரிக்காவில் நடத்திய கிளர்ச்சியை மனசில் ஓட்டிப் பார்த்து, சுற்றியிருக்கும் வெள்ளைக்காரர்களைக் கொல்வதாகக் கற்பனை செய்கிறார். இரண்டு மணி நேரம் இழிவுபடுத்திவிட்டு, கடைசியில் பயமுறுத்தும் உருவமாக நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.

இசையும் அப்படித்தான். நம் கேசட்டில் ஒலி இழுத்து இழுத்து, இரைச்சலோடு, ஒப்பாரிபோலக் கேட்டது. அதையும் நாம் பாராட்டி எழுதினோம். அசலில் ரிஸ் ஒர்த்தொலானியின் இசை தேன் மாதிரி இனிக்கிறது. கத்தீனா ரனியேரி பாடிய 'ஓ மை லவ்' கயலுக்கே தெரிந்திருக்கும், 2011-ல் வந்த 'டிரைவ்' படத்தில் அதைப் போட்டார்கள். இவ்வளவு அழகான பாட்டு இந்தக் காட்சிகளோடு வரும்போது எனக்குக் குமட்டியது.

இந்த வகையறாவில் மற்றதையும் அவள் தொட வேண்டியிருக்கும். 1975-ல் ரிச்சர்ட் ஃபிளீஷர் எடுத்த 'மண்டிங்கோ' ஒன்று. போஸ்டரில் 'கான் வித் தி விண்ட்' மாதிரி அணைப்பு, உள்ளே சதையும் ரத்தமும். குத்துச்சண்டை வீரர் கென் நார்ட்டனை நடிக்க வைத்ததே உடம்பைக் காட்டத்தான். அடிமைகளைச் சாகும்வரை மோதவிட்டதாக அது காட்டுவதற்குச் சரித்திரச் சான்று இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஆனாலும் அதில் ஒரு காட்சி என்னை விடவில்லை. கிழட்டுப் பண்ணைக்காரராக நடித்த ஜேம்ஸ் மேசன், தன் வாதநோய் இறங்கிப்போகும் என்று நம்பி, தரையில் படுத்திருக்கும் ஒரு பையன் வயிற்றில் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். மனிதனைக் கால்பலகையாக்கி வைத்திருந்த வீட்டின் அன்றாடம் அதில் இருக்கிறது. ஆவணம் என்று அது பொய் சொல்லவும் இல்லை. இன்னொன்று, 1965-ல் ஜெர்மன் கூட்டுத் தயாரிப்பாக வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அமெரிக்காவில் அதற்குள் புதிதாகக் கவர்ச்சியும் வன்முறையும் எடுத்துச் சொருகி மறுபடி ஓட்டினார்கள். திருட்டுப் பிரதிகளில் எது அசல், எது சொருகல் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? இந்தக் குப்பையெல்லாம் கடல் தாண்டித் திருச்சி வரை வந்து சேர்ந்தது. 1993-லேயே, நாம் டெக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதே வருஷம், எத்தியோப்பியாவில் பிறந்த இயக்குநர் ஹைலே கெரிமா அடிமை முறையைப் பற்றி 'சங்கோஃபா' எடுத்து பெர்லினில் காட்டிவிட்டார். அமெரிக்காவில் அதை வாங்க விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. ஊர் ஊராகத் தானே தியேட்டரை வாடகைக்கு எடுத்து, சமூக மக்களைத் திரட்டி ஓட்டினார். அதிலும் காலப் பயணம்தான். கானா நாட்டுக் கேப் கோஸ்ட் கோட்டையில் போட்டோ எடுக்க வந்த கறுப்பின மாடல் பெண் அடிமைக் காலத்துக்குப் போகிறாள், ஆனால் ஹெலிகாப்டரில் வேடிக்கை பார்க்க இல்லை. அவளே சூடுபோடப்பட்டு, விற்கப்பட்டு, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அங்கே அடிமைகள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள், ரகசியமாகக் கூடித் திட்டம் போடுகிறார்கள். அந்தப் படத்தைக் காட்டிக் கேசட் விற்கும் ஒருவரும் நம் பக்கம் வரவில்லை. 2021-ல் புதுப்பித்து நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் நானே பார்த்தேன், இருபத்தெட்டு வருஷம் கழித்து. கயல் அதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்பது என் ஆசை.

கேசட்டையும் டிஸ்கையும் அடுத்த வாரம் தம்பி காரில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கப்பல் காட்சியை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் பார்க்க வேண்டும். கேசட்டை அப்படியே டெக்கில் போட்டுவிட வேண்டாம் என்று சொல். பூசணம் ஹெட்டில் ஒட்டினால் டெக்கும் போச்சு, மற்ற கேசட்டுக்கும் பரவிவிடும். இங்கே ஒருவர் டேப்பைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார், அவருக்குச் சென்னையில் தெரிந்த ஆள் உண்டாம். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெட்டியின் அடியில் நம் பத்திரிகையின் அந்த இதழும் கிடைத்தது. ஓரம் செல்லரித்திருக்கிறது, கட்டுரை முழுசாக இருக்கிறது. இருபது வயதில் இரண்டு பையன்கள் மங்கிய படத்தைப் பார்த்து எப்படி ஏமாந்தார்கள் என்பதற்கு அவள் ஆய்வில் அது உதவும். நம் பெயரோடு போட எனக்குச் சம்மதம். உனக்கும் சம்மதமா என்று மட்டும் எழுது, அதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தங்கச்சிக்கும் கயலுக்கும் என் அன்பு.

உன்,
ராஜன்