ஒரு விழுக்காட்டை நம்பி ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்: பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட நெறியாளராகப் பணியாற்றுகிறேன். ஆய்வேட்டைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளில் இட்டு, அது காட்டும் விழுக்காட்டை மட்டுமே வைத்துத் திருப்பி அனுப்பும் வழக்கம் பரவிவருகிறது. அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். என் மாணவி ஒருவரின் ஆய்வேடு இவ்வாறு திரும்பி வந்தது. எந்த இயலில், எந்தப் பத்தியில், என்ன குறை என்று ஒரு வரிகூட இல்லை. ஓர் எண் மட்டுமே இருந்தது.

நகல் சோதனைக்கு நாம் பழகிவிட்டோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் 40, 60 என்ற படிகளில் நடவடிக்கை கடுமையாகும் என்றும் வகுத்துள்ளன. அந்த அறிக்கையில் மாணவரின் வரியையும் மூலத்தின் வரியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மறுத்துப் பேச மாணவருக்கு இடமுண்டு. செயற்கை நுண்ணறிவுச் சோதனையில் ஒப்பிட மூலமே கிடையாது. அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது, வாக்கியங்கள் எவ்வளவு சீராக அமைந்துள்ளன என்பன போன்ற அடையாளங்களிலிருந்து இயந்திரம் செய்யும் கணிப்பு அது. இரண்டு அறிக்கைகளிலும் விழுக்காட்டுக் குறி இருக்கிறது என்பதற்காக, ஒன்றுக்கு வகுத்த வரம்பை மற்றொன்றுக்குப் பொருத்துவது முறையாகாது.

இந்தக் கணிப்பில் அதிகம் அடிபடுபவர்கள் நம் மாணவர்களே. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறனறித் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் சோதித்தனர். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாக அவை தவறாகச் சொன்ன விகிதம் சராசரியாக 61 விழுக்காட்டைத் தாண்டியது. பிற்பாடு அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. அதாவது, தெரிந்த சொற்களைக் கொண்டு தானே எழுதியவர் மாட்டிக்கொள்கிறார். இயந்திரத்திடம் மெருகேற்றியவர் தப்பிவிடுகிறார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

என் மாணவி பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பரமக்குடிப் பகுதிக் கைத்தறி நெசவாளர் குடும்பங்களைப் பற்றிய தம் ஆய்வுக்குறிப்புகளைத் தமிழில் எழுதி, பின் தாமே ஆங்கிலத்தில் எழுதி, இலக்கணப் பிழை திருத்த மட்டும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார். ‘நான் பேசிய குடும்பங்களில் சில, பிள்ளைகளைத் தறியில் உட்காரவைக்க விரும்பவில்லை’ என்று அவர் எழுதியிருந்த இடத்தை, இளைய தலைமுறை நெசவைக் கைவிட்டுவிட்டது என்ற பொருள்பட அது மாற்றித் தந்தது. அதை அடித்துவிட்டு, ‘சில குடும்பங்கள்’ என்பதையே மீண்டும் எழுதியிருக்கிறார். அந்த வரைவு என்னிடம் இருக்கிறது. இலக்கணத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, தரவு தாங்காத முடிவை மறுத்த அந்த ஒரு திருத்தத்தில் ஆய்வாளர் யார் என்பது தெரிகிறது. எந்த மென்பொருளும் அதை அளக்காது.

வசதியுள்ள மாணவர்கள் கட்டணம் கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்வது நெடுநாளாக நடப்பதுதான். அதற்கு எந்தக் குழுவும் விழுக்காடு கேட்டதில்லை. அதே உதவி ஏழை மாணவரின் கைப்பேசிக்கு வந்தபோது மட்டும் அது குற்றமாகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தரவைப் புனைவதும், கண்டறிந்ததாகச் சொல்லும் முடிவுகளை இயந்திரத்திடம் எழுதி வாங்குவதும் ஆய்வு மோசடியே. அவற்றுக்குத் தண்டனை இருக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவிகள், உலகில் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் இருப்பதுபோல மேற்கோள் காட்டக்கூடியவை என்பதால், துணைநூற்பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பொறுப்பை நெறியாளர்களாகிய எங்கள் மீது சுமத்துங்கள். நேர்காணல் பதிவுகளை இவற்றில் ஏற்றுவதைத் தெளிவாகத் தடை செய்யுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துத் தம் கடனையும் குடும்பச் சிக்கலையும் சொன்ன நெசவாளர், அந்தப் பேச்சு எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போவதற்கு ஒப்புதல் தந்தவர் அல்லர். இதைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் போதிய பேச்சே இல்லை என்பது எனக்குப் பெருங்கவலை.

ஆய்வேட்டுடன் மாணவர் உறுதிமொழியும் நெறியாளர் சான்றிதழும் ஏற்கெனவே இணைக்கப்படுகின்றன. எந்தக் கருவி, எந்த இயலில், எதற்காகப் பயன்படுத்தப்பட்டது என்று கூறும் ஒரு பக்கத்தை அவற்றோடு சேர்த்தால் போதும். ஐயம் எழுந்தால் வரைவுகளையும் களக்குறிப்பேடுகளையும் கேளுங்கள். மாணவரை நேரில் அழைத்து, அவர் விரும்பும் மொழியில் கேள்வி கேளுங்கள். தம் ஆய்வேட்டைத் தாம் எழுதாதவர் வாய்மொழித் தேர்வில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

இதுவரை விழுக்காட்டை மட்டும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடுகளை மறுபடியும் எடுத்துப் படித்துப் பார்க்குமாறும், அதனால் கடந்துபோன காலத்தை மாணவரின் பதிவுக் காலக்கெடுவில் கணக்கிடாமல் விடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெறியாளர்