மாமா, அந்த ஏழும் உழைத்து அடித்த கோல்கள்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு தைப்பூசக் காவடி முடிந்து கோவிலில் வாழை இலையில் ஏழு கறிகளையும் பரிமாறியபோது, நம் வரிசையில் இருந்த ஒருவர் உங்கள் இலையைக் காட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். காற்பந்தில் எங்கள் லிவர்பூல் உங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டை 7-0 என்று வென்றதை நினைத்துத்தான் எண்ணுகிறார் என்று பந்தியில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அன்றைக்கு எங்கள் பையன்கள் ஆடவே இல்லை. ஆடாதவர்களை வெல்வது ஒரு வெற்றியா?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள். பந்தியில் உங்களோடு வாதாடுவது முறையல்ல என்று அப்போது பேசாமல் இருந்தேன். ஆனால் நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 மார்ச் 5 அன்று, நம் மொரிஷியஸ் நேரத்துக்கு இரவு எட்டரை மணிக்கு, உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். முதல் 42 நிமிடங்கள் இரு அணிகளும் சமமாகவே ஆடின. உங்கள் கசெமிரோ தலையால் முட்டி உள்ளே தள்ளிய பந்து ஆஃப்சைடு என்று கழிக்கப்பட்டபோது, நீங்கள் நாற்காலியின் கையைத் தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்புதான் நியூகாசிலை வென்று லீக் கோப்பையை வாங்கிய அணி அது. அப்படிப்பட்ட அணி ஆடவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிறுவயதில் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போய், "பந்தை வைத்திருப்பவனைப் பார்க்காதே, பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் என்று பார்" என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். தமிழ் கேடட்ஸ், இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ் என்று நம் காற்பந்துச் சங்கங்கள் சமூகவாரியாகப் பிரிந்திருந்த காலத்தையும், 1999 மே மாதக் கலவரத்துக்குப் பின் உள்ளூர் லீக்கே நின்றுபோனதையும் கண்ட தலைமுறை உங்களுடையது. அப்படிப் பழகிய கண்ணோடு 43ஆவது நிமிடத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். எங்கள் ராபர்ட்சன் இடப்பக்கத்தில் பந்தோடு வரும்போதே காக்போ ஓடத் தொடங்கிவிட்டார். ஓட்டத்தை அறிந்து கொடுத்த பாஸ் அது. உங்கள் வரானைத் தாண்டி உள்பக்கம் வெட்டி, தூரத்து மூலையில் அடித்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடத்தை அன்று எங்கள் அணி அப்படியே ஆடிக் காட்டியது.

இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிடங்களுக்குள் இன்னும் இரண்டு கோல்கள் விழுந்தன. எலியட் உயர்த்திப் போட்ட பந்தை நூன்யெஸ் தலையால் முட்டினார். அடுத்து லிசாண்ட்ரோ மார்ட்டினெஸைத் திக்குமுக்காட வைத்துவிட்டு சாலா தள்ளிக் கொடுத்த பந்தை, காக்போ முன்னால் வந்த உங்கள் கோல்கீப்பர் டி கேயாவின் மேலாக மெல்லத் தூக்கிப் போட்டார். எனக்கு ஏழில் மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இருவரில் ஒருவராவது அவசரப்பட்டிருந்தால் அந்தக் கோல் பிறந்திருக்காது. நான்காவது கோலுக்குப் பின் உங்கள் ஆட்டக்காரர்கள் மனம் தளர்ந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களைத் தளர வைத்தது எங்கள் தாக்குதல்தான் அல்லவா? மூன்று கோல் முன்னிலையோடு நேரத்தைக் கடத்தியிருக்கலாம், ஆனாலும் 88ஆவது நிமிடம் வரை முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். சாலா அன்று அடித்த இரண்டு கோல்களோடு பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்காக 129 கோல்கள் அடித்து, எங்கள் பழைய ஆட்டக்காரர் ஃபௌலரின் 128-ஐக் கடந்தார்.

எங்கள் அணி அந்த ஆண்டு பெரிய அணியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையே போர்ன்மத்திடம் 1-0 என்று தோற்றோம், லீக்கில் ஐந்தாம் இடத்தில்தான் முடித்தோம். அதனாலேயே அந்த ஓர் இரவை உரியபடி மதிக்க வேண்டும் என்று கேட்கிறேன். 1931-இல் வுல்வ்ஸிடம் 7-0 என்று தோற்ற பின் யுனைடெட் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை.

ஃபிர்மினோ ஏழாவதைப் போட்டபோது கூடத்தில் நாம் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்தோம். அத்தை கொண்டுவந்து வைத்த மிளகாய் வடை, நம் காத்தோ பிமான், தட்டில் ஆறிக் கிடந்தது. அந்தப் பருவத்தோடு ஃபிர்மினோ லிவர்பூலை விட்டுப் போகிறார் என்ற செய்தி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் தொலைக்காட்சியை அணைக்காமல், "இவன் நல்ல ஆட்டக்காரன், இவனைப் போக விடக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அன்று இரவு நீங்கள் சொன்னதைத்தான் மாமா, இன்று நானும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்