சிகிச்சைக்குத் திரட்டும் பணத்துக்கு வரிவிலக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் நோயில் விழுந்த ஒருவருக்காக நண்பர்கள் கூடித் திரட்டிக் கொடுக்கும் பணத்தை அந்த நோயாளியின் வருமானமாகவே கணக்கிடும் வரி விதி, பண வசூலில் இறங்குகிறவர்களில் பலருக்கும் தெரியாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒருவர் ஒரு நிதியாண்டில் கைம்மாறு இல்லாமல் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வருமான வரிக் கணக்கில் சேரும். உறவினர் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் சித்தப்பா இருக்கிறார், சித்தப்பா மகன் இல்லை. நண்பருக்கோ அதில் இடமே இல்லை. மணமக்களுக்குத் திருமணத்தில் வரும் மொய் எவ்வளவு ஆனாலும் வரி கிடையாது என்னும்போது, உயிர் பிழைக்க வரும் பணத்துக்கு மட்டும் அந்தச் சலுகை மறுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களோடு வேலை செய்த கொலுசுத் தொழிலாளி ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஒரு நீளமான கணக்கு நோட்டு பட்டறை பட்டறையாகச் சுற்றி வந்தது. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று எல்லோரும் வாரக் கூலியிலிருந்து 200, 500 என்று எழுதிக் கொடுத்தார்கள். கைபேசி வழியாக அனுப்பியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் கிடைக்கும். காப்பீட்டில் கிடைப்பதைச் செலவு தாண்டிவிட்டால் மீதிக்கு இப்படிக் கையேந்துவதைத் தவிர உழைப்பாளிக் குடும்பத்துக்கு வேறு வழியில்லை.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராதே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து அது உண்மைதான் என்றாலும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்காக யார் ஆடிட்டரிடம் அலைவது? சிகிச்சைக்கு 20 லட்சம் திரண்டால், வேறு வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லாதவரும் இந்த முறையில் செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட 2,08,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருக்கும். அத்தனை பணமும் மருத்துவமனைக்கே போய்விட்டது என்று பில்லைக் காட்டினாலும் அந்தச் செலவைக் கழிக்க இடமில்லை. விரும்பினால் தேர்ந்தெடுக்கக்கூடிய பழைய வரி முறையில் குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு வரிக் கழிவு உண்டு; அதுவும் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 40,000 ரூபாய்தான்.

அரசால் விலக்குக் கொடுக்க முடியாது என்பதும் இல்லை. கோவிட் சிகிச்சைக்கு உண்மையில் செலவான தொகையை யார் கொடுத்திருந்தாலும் வருமானமாகக் கொள்வதில்லை என்று 2021 ஜூனில் மத்திய அரசே அறிவித்து, 2022 நிதிச் சட்டத்தின் வழியாகத் திருத்தமும் கொண்டுவந்தது. மருத்துவ ஆவணங்களையும் உரிய படிவத்தையும் கொடுத்தால் போதும் என்று அப்போது வகுத்த முறையையே புற்றுநோய்க்கும் சிறுநீரக மாற்றுக்கும் நீட்டிப்பதில் என்ன தடை இருக்கிறது? 50,000 என்ற வரம்பும் 2006-லிருந்து அப்படியே நிற்கிறது. 2025-இல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அதை உயர்த்தவில்லை.

சட்டம் மாறும்வரை, வசூலில் இறங்குகிறவர்கள் பணத்தை நோயாளியின் கணக்கில் குவிக்காமல், கொடுப்பவர்களே வங்கி வழியாக மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும்படி ஏற்பாடு செய்வது நல்லது. ஒரே சிகிச்சைக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்கும் சட்டத்தில் அனுமதியில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுக்கப்படும் உதவிக்கு இந்த வரி இல்லை. தன் பெயரில் பணம் வாங்கித்தான் தீர வேண்டும் என்கிற நண்பர், அதற்கென்று தனிக் கணக்கு வைத்து, கொடுத்தவர் பட்டியலையும் மருத்துவமனை ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். நோட்டீஸ் வந்தால் அவருக்குக் கைகொடுப்பது அவைதான்.

அடுத்த நிதிநிலை அறிக்கை தயாராவதற்கு முன், சேலம் நாடாளுமன்ற உறுப்பினர் இந்தக் கோரிக்கையை நிதியமைச்சகத்திடம் எழுத்து மூலம் வைத்து, மக்களவையிலும் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.