ஜூலிக்கு வந்த வலிப்பு

கோத்தகிரி
மார்கழி, ஞாயிறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. போனில் பேசினால் உங்கள் ஊர்ப் பூம்பாறையில் சிக்னல் பாதியில் கழுத்தறுக்கிறது என்று நீ பக்கம் பக்கமாக எழுதியதும் நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் இவ்வளவு விவரம் சொல்லியிருக்க மாட்டாய்.

இங்கே பனி இறங்கிவிட்டது. பள்ளத்தில் இருக்கும் தேயிலையெல்லாம் கருகிப்போய்க் கிடக்கிறது. பசுந்தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே, வயிறு எரியும். பக்கத்துப் படுகர் ஊரில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஆயத்தம் நடக்கிறது. பேரனுக்கு வெள்ளை வேட்டி எடுக்க வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு. ராத்திரியில் கரடி வந்து பக்கத்து வீட்டுச் சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது. உங்கள் ஊரில் காட்டெருமை என்றால் எங்கள் ஊரில் இது.

சரி, உன் நாய் ஜூலியின் வலிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சிக்குத் தூக்கத்துக்கென்று எழுதிக் கொடுத்த காம்போஸ் மாத்திரை வீட்டில் இருக்கிறது, தினம் பாதி கொடுத்து வந்தால் வலிப்பு வராமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. அதைச் சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

காம்போஸ் என்பது டயசிபாம். வலிப்புக்கு அது நல்ல மருந்துதான், அதில் சந்தேகமே வேண்டாம். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்க காபா என்று ஒரு பொருள் சுரக்கிறது. டயசிபாம் உள்ளே போனால் அந்தக் காபாவின் கை ஓங்கும், வெறிபிடித்தாற்போல் துடிக்கும் நரம்பு அடங்கும். ஊசியாக ரத்தக்குழாயில் ஏற்றினால் பல நாய்களுக்கு ஓரிரு நிமிடத்தில் வலிப்பு நின்றுவிடும். ஆனால் மனிதன் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்குகிற மருந்து, நாயின் உடம்பில் மூன்று மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடுகிறது. காலையில் கொடுத்த மாத்திரை மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். போதாததற்கு, தினமும் கொடுத்தால் சில நாட்களிலேயே நாயின் மூளை அதற்குப் பழகிவிடும். அப்புறம் நிஜமாகவே ஆபத்து வந்து ஊசி போட்டால் ஊசி கேட்காது. தீயணைப்பு வண்டியை வாசல் காவலுக்கு நிறுத்துகிற கதைதான். இன்னொன்று, உன் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடக்குமே அந்தப் பூனை, அதற்கு இந்த மாத்திரையைத் தப்பித் தவறியும் கொடுத்துவிடாதே. வாய்வழியாகக் கொடுத்த சில பூனைகளுக்கு ஈரலே கெட்டு உயிர் போயிருக்கிறது.

தினசரிக் காவலுக்கு வேறு மருந்து இருக்கிறது. பீனோபார்பிட்டோன். கடையில் கார்டினால் என்று கேட்டால் தெரியும். பழைய மருந்து, விலையும் குறைவு. 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹவுப்ட்மன் என்று ஒரு இளம் டாக்டர், வலிப்பு நோயாளிகள் இருந்த வார்டிலேயே தங்கியிருந்தாராம். ராத்திரியெல்லாம் அவர்கள் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுகிற சத்தத்தில் தூங்க முடியாமல், அவர்களாவது தூங்கட்டும் என்று புதிதாக வந்திருந்த தூக்க மருந்தைக் கொடுத்தாராம். தூக்கம் வந்ததோ இல்லையோ, வலிப்பு குறைந்துவிட்டது. இப்படித்தான் கதை சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாய்க்கு வலிப்பென்றால் பெரும்பாலும் கால்நடை டாக்டர்களான நாங்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

கிலோவுக்கு இரண்டரை, மூன்று மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஜூலி 24 கிலோ என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் 60 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்ற கணக்கு வரும். உன் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நான் கடிதத்தில் வைத்தியம் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வலிப்பு வந்தாலே மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்பதுதான் இப்போதைய கருத்து. தீபாவளிக்கு முன்னால் ஒன்று, போன வாரம் ஒன்று என்றால் ஜூலி அந்தக் கணக்கில் வந்துவிட்டாள்.

முதல் இரண்டு வாரம் நீங்கள் பயந்துவிடக் கூடாது. குடித்தவன் மாதிரி பின்னங்கால் பின்னும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பாள், அதற்கேற்ப மூத்திரமும் போகும். பசி என்றால் அப்படி ஒரு பசி. தங்கச்சி மனசு இளகி இட்லியாகப் போட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதத்தில் உருண்டுவிடுவாள். தள்ளாட்டம் தானாகச் சரியாகும், பசிதான் போகாது. இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல். ஒரு மில்லி ரத்தத்தில் 15 முதல் 35 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலுக்கும் பரிசோதனை. வலிப்பே வரவில்லையே, எதற்கு மருந்து என்று நீயாக ஒரு நாள் நிறுத்திவிடாதே. சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வரும்.

அத்தை ஜூலியின் கால் நகத்தில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தினார்கள், உடனே வலிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நின்றுவிடும். சாவி தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடும், பெயர் மட்டும் இரும்புக்கு. சாவி வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மூக்கில் வெங்காயம், வாயில் பூண்டுச் சாறு என்று அடுத்து அவர்கள் சொன்னார்களே, அதற்கு மட்டும் கண்டிப்பாகத் தடை போடு. வலிப்பில் இருக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். அதோடு பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரனிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் ஜூலியைப் பூண்டு மூட்டைப் பக்கம் விடாதே.

வாயில் கையும் விடாதே. நாக்கை விழுங்கிவிடும் என்பதெல்லாம் பேச்சு. தாடை இறுகினால் விரல் போய்விடும். ஜூலிக்கு வெறிநாய் ஊசி தவறாமல் போட்டிருக்கிறாய், அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை. தெருநாய்க்கு வலிப்பு வந்தால் மட்டும் முதலில் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். குன்னூரில் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் 1907இல் வந்ததே வெறிநாய்க்கடிக்காகத்தான். அந்த மலையில் தொழில் பார்த்தவனுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது.

ஆனால் ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது வேறு. ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தாலும் அப்படித்தான். தசை ஓயாமல் இழுத்தால் உடம்புச் சூடு மளமளவென்று ஏறும், மூளை கெடும். பூம்பாறையிலிருந்து அந்த வளைவுகளையெல்லாம் கடந்து கொடைக்கானல் வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். மலையில் இருப்பவன் வீட்டில் மருந்து வைத்திருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். டயசிபாமுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

ஆசனவாய் வழியாகக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், பீனோபார்பிட்டோன் சாப்பிடும் நாய்க்கு இரண்டு. ஒரு ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், 2 மில்லி, அதில் 10 மில்லிகிராம். உனக்கு அரை ஆம்பூல் போட்டால் சாயங்காலம் வரை கொட்டாவி விடுவாய். ஜூலிக்கு இரண்டரை ஆம்பூலில் ஆரம்பித்து ஐந்து வரை தேவைப்படும். கணக்கைப் பார்த்தால் கடைக்காரர் திகைப்பார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார், கொடுத்தாலும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அது சட்டம், அவரோடு சண்டைக்குப் போகாதே.

போன மழைக்காலத்தில் இங்கே ஒரு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண் செய்ததைப் பார்த்தேன். பஞ்சை வைத்து ஆம்பூல் கழுத்தைப் பிடித்து உடைத்தாள், சிரிஞ்சில் உறிஞ்சினாள், ஊசியைக் கழற்றிவிட்டு விரல் நீளத்துக்கு வெட்டிய மெல்லிய ரப்பர் குழாயைச் செருகினாள். நுனியில் தேங்காய் எண்ணெய். நாயின் தலைப்பக்கம் போகாமல் முதுகுப்பக்கமாக மண்டியிட்டு, வாலைத் தூக்கி, குழாயை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினாள். அப்புறம் வெளியே வழியாமல் வாலை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாயின் கால்கள் தளர்ந்தன. எத்தனையோ ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பதற்றமின்மை அவர்களில் பாதிப் பேருக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்கு ஆகும் என்று சிரிஞ்சில் முன்கூட்டியே நிரப்பி வைக்காதே. பிளாஸ்டிக் இந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், வெளிச்சமும் ஆகாது. ஆம்பூலாகவே அதன் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள். தசையில் போட்டாலும் பிரயோஜனமில்லை, வலிதான் மிச்சம். அதே இன மருந்தான மிடசோலம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை மூக்கில் தெளித்தால் போதும், டயசிபாமைவிட அதிக நாய்களுக்குக் கேட்கிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுப் பார்.

வலிப்பு தெளிந்தபின் கொஞ்ச நேரம் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியாது, சுவரில் முட்டுவாள், உன்னையே பார்த்து உறுமலாம். கோபித்துக்கொள்ளாதே, விளக்கைக் குறைத்து விட்டுவிடு. அடுத்த முறை போனில் வீடியோ எடு. நீ வர்ணித்த நான்கு பக்கத்தைவிட அரை நிமிட வீடியோ டாக்டருக்கு உதவும். தோட்டத்தில் குருணை மருந்தோ நத்தை மருந்தோ போட்டிருந்தால் அதையும் சொல். விஷத்தில் வரும் நடுக்கத்துக்கு வைத்தியமே வேறு.

கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா என்று தயங்குகிறாய். செய். சில பெட்டைகளுக்கு ஹீட்டுக்கு வரும் சமயத்தில் வலிப்பு கூடும், அந்தத் தொல்லையும் தீரும். அன்று காலை வயிறு காலியாக இருந்தாலும் வலிப்பு மாத்திரையைத் துளி உணவில் வைத்துக் கொடுத்துவிடு. கீட்டமின் என்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகப் போட வேண்டாம் என்று டாக்டருக்கு ஞாபகப்படுத்து. அது தனியாகப் போனால் உடம்பை விறைக்க வைக்கும், நாய்க்கு வலிப்பையே கிளப்பும். அதனால்தான் கீட்டமினோடு டயசிபாம் சேர்ப்பது வழக்கம். ஜூலிக்கு அதுகூட வேண்டாம். டயசிபாமோ மிடசோலமோ ஒரு வலி மருந்தோடு கொடுத்து, புரோபோபால் ஊசியில் மயக்கி, ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்திருந்தால் நிம்மதி. டயசிபாம் ஒன்றையே போட்டு அடக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வலிப்பில்லாத, விழிப்பான நாய்க்கு அது சமயத்தில் தலைகீழாக வேலை செய்து கூத்தாட வைக்கும். வலியையும் துளிகூடக் குறைக்காது.

முதுமலையில் யானைக்குப் போடும் மயக்க ஊசிதானா நாய்க்கும் என்று கேட்டிருந்தாய். யானைக்கு அதிகம் போவது சைலசினும் கீட்டமினும். அதே சைலசின் நாய்க்கும் உண்டு. வாந்தி எடுக்க வைக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். நான் அதன் ரசிகன் இல்லை.

உங்கள் ஊர்க் குளிரைத்தான் நீ மறந்துவிடுகிறாய். மயக்கத்தில் இருக்கும் நாய் நடுங்கக்கூட முடியாது, சூடு இறங்கினால் மருந்து கழிவதும் தாமதமாகும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது கம்பளி போர்த்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. சுற்றாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், அவளால் நகரவும் முடியாது.

இந்த 24 கிலோ எப்போது எடுத்த எடை? போன வருஷத்துக் கணக்கென்றால் செல்லாது. ஜூலியைத் தூக்கிக்கொண்டு பூண்டுக் கிட்டங்கித் தராசில் ஏறி நில், பிறகு நீ மட்டும் நின்று கழித்துக்கொள். அந்த எண்ணை எழுதி அனுப்பு. உன் டாக்டர் பெயருக்கு நானே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். தங்கச்சிக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
துரை